நீலம் ஏறாத வேர்

நல்ல வார்த்தை பேசத் தெரியாத மனுஷி என்று எங்கள் கம்பெனியில் எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் கிடையாது. நல்ல வார்த்தை அவருக்குத் தெரியும். அதைச் செலவழிக்கும்படியான ஆட்கள் அங்கே அவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், லேத் பட்டறைகளுக்கு நடுவே ஒரு தகர ஷெட்தான் எங்கள் கம்பெனி. முன்பக்கம் முதலாளியின் ஆபீஸ். பின்பக்கம் சிமெண்ட் தொட்டிகளில் மக்காச்சோளம். கதிருக்காக யாரும் அதை வளர்க்கவில்லை. பயிர் வளர்ந்ததும் தண்டை வெட்டி மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு, வேரைத்தான் எடுத்துக் காயவைப்போம். அந்த வேருக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை இருக்கிறது. வேருக்குள் குடியிருந்துகொண்டே மண்ணுக்குள் நூல் விட்டு, வேர் எட்டாத தூரத்திலிருந்து சத்தை உறிஞ்சிச் செடிக்குக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குச் சாப்பாடு போடும். வேரையும் அது வளர்ந்த கல்தூளையும் சேர்த்துப் பொடியாக்கிப் பாக்கெட் போட்டால் அதுதான் எங்கள் சரக்கு. கடைகளில் அதற்கு 'வேம்' என்று பெயர். இங்கிலீஷ் எழுத்துகளின் சுருக்கம். கேட்கிறவர்கள் வேப்பம்புண்ணாக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். மார்க்கெட்டிங் வேலையில் இருந்த நான் பாதி நாள் பேசியதே இது வேப்பம்புண்ணாக்கு இல்லை என்பதைத்தான்.

லேப் அவருடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வேளாண்மையில் மேல்படிப்பு படித்தவர். வீட்டுக்காரருக்கு ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை, அதனால் இங்கே வந்தவர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். என்னை 'அண்ணாச்சி' என்பார். தருமபுரிக்காரனான எனக்கு அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். முதல் நாள் அப்படிக் கூப்பிட்டபோது பேக்கிங்கில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் திரும்பி, "எதுக்குச் சிரிக்கீய? மரியாதையாக் கூப்பிட்டா சிரிப்பு வருதோ?" என்று கேட்ட கேட்பில் அன்றைக்கு மதியம் வரை ஷெட்டில் சத்தமே இல்லை.

எங்கே போனாலும் செடியைப் பிடுங்கிப் பார்ப்பார். பஸ் நிற்கிற இடத்தில் ஓரமாக முளைத்திருக்கும் புல்பூண்டைக்கூட விடமாட்டார். பிடுங்கி, மண்ணை உதறி, வேரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். கைப்பையில் டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், அதோடு ஈரத்துணியில் சுற்றிய ஏதாவது ஒரு வேர். விவசாயிகள் நோய் வந்த இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தால் தொடவே மாட்டார்.

"இலைய எதுக்குக் கொண்டாந்தீய? மூஞ்சியில பரு வந்தா பருவ மட்டும் பிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவீயளா? வேரக் கொண்டாங்க."

முதலாளி புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். முதலாளி வீட்டம்மா வாசலில் வரிசையாக வைத்திருந்த ரோஜாத் தொட்டிகளைப் பெருமையாகக் காட்டிக்கொண்டு வந்தார். இவர் பூத்துக் குலுங்கிய ஒரு ரோஜாவின் அடித்தண்டைப் பிடித்து ஒரே இழுப்பு. தொட்டி காலி. வேரைப் பார்த்தார், மண்ணை முகர்ந்தார்.

"பூ நல்லாருக்கு. மண்ணு செத்துக் கெடக்கு. உரத்தக் கொட்டியே பூக்க வச்சிருக்கீய" என்று சொல்லிவிட்டுத் திரும்ப நட்டு, கையைப் பட்டுச்சேலையில் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். அந்தம்மா கடைசிவரை அதை மறக்கவில்லை.

வேரில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்க்க ஒரு சாயம் வேண்டும். விலை அதிகம் என்று முதலாளி அதை வாங்கித் தரவில்லை. இவர் வினிகரில் பவுண்டன் பேனா மையைக் கலந்து வேலையை நடத்தினார். வேரைக் காரக் கரைசலில் வேகவைத்து வெளுப்பாக்கி அந்த மையில் போட்டு எடுப்பார். பூஞ்சை இருந்தால் அது மட்டும் நீலமாகும். அவருடைய விரல் நுனியில் அந்த நீலம் எப்போதும் இருக்கும். ஒரு தடவை என் கழுத்தைப் பிடிக்காத குறையாக மைக்ராஸ்கோப்பில் குனிய வைத்தார். வெள்ளை வேருக்குள் நீல நூல்கள் ஓடின. வேரின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் குட்டிக் குட்டி மரங்கள் மாதிரி நீலமாகக் கிளைத்து நின்றன.

"பாத்தீயளா? பாக்காம இத்தனை வருசம் வித்துட்டுத் திரிஞ்சீயளே" என்றார்.

திட்டுதான். ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தார் என்று நினைக்கிறேன்.

*

ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ரத்னம்மா என்று ஒரு பெண் ஒரு நாள் ஆபீசுக்கே வந்துவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வீட்டுக்காரர் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போக, தோட்டத்தை ரத்னம்மாதான் பார்த்துக்கொண்டிருந்தார். தக்காளி நடும்போது எங்கள் பொடியைக் குழிக்குக் குழி போட்டவர். ஒரு கட்டுத் தக்காளிச் செடியை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து முதலாளி மேஜைமேல் போட்டார். பூக்க வேண்டிய செடிகள். சாண் உயரம்கூட இல்லை. இலையின் அடிப்பக்கம் ஊதா.

"என்னாங்க இது? மருந்தா, செங்கத்தூளா? என்னாத்த அரைச்சுப் போட்டுக் குடுக்கறீங்க?"

முதலாளி, தண்ணி கம்மியாக விட்டிருப்பீர்கள், விதை சரியில்லாமல் இருந்திருக்கும் என்று மென்று விழுங்கிக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு லேபிலிருந்து இவர் வந்தார். செடியை எடுத்தார், வேரைப் பார்த்தார்.

"என்ன அடிச்சீய?"

"ஒன்னும் அடிக்கல."

"பொய் சொல்லாதீய. என்ன அடிச்சீய?"

"பொய்யா? நானா? ஏமே, உன் பொடிய வாங்கிப் போட்டு நான் மண்ணாப் போயிருக்கறேன், என்னையப் பொய்யிங்கறியா நீ?"

இரண்டு பேரும் கத்திய கத்தலில் பக்கத்து லேத் பட்டறைக்காரர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் இவர், "நாளைக்குக் காலையில தோட்டத்துக்கு வாரேன். பொடி மோசம்னா உங்க தோட்டத்துலயே வச்சு என்னையச் செருப்பால அடிங்க" என்றார். ரத்னம்மா, "வா, அடிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் என் வண்டியில் போனோம். தோட்டம் முழுக்க ஒரே மட்டமாகச் செடிகள் குறுகி நின்றன. புல் பூண்டு எதுவும் இல்லை. துடைத்து வைத்த மாதிரி மண். கிழக்கு மூலையில் கிணற்றை ஒட்டிக் கொஞ்சம் இடத்தில் மட்டும் புல் மண்டிக் கிடந்தது. அந்தப் புல்லுக்குள் நின்ற தக்காளிச் செடிகள் என் இடுப்புக்கு இருந்தன. பூவும் பிஞ்சுமாக.

இவர் நேராக அங்கேதான் போனார். "இங்க மட்டும் ஏன் புல்ல விட்டீய?"

"மாட்டுக்கு வேணும்ல? அங்க மட்டும் மருந்து அடிக்கல."

சொன்ன பிறகுதான் ரத்னம்மாவுக்கே அது காதில் விழுந்த மாதிரி இருந்தது. களை மருந்தை அவர் 'அடித்தது' என்ற கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. பூச்சிக்கு அடித்தால்தான் அடித்தது. புல்லுக்கு அடிப்பது துடைப்பத்தால் பெருக்குகிற மாதிரி. ராகி அறுத்ததிலிருந்து தக்காளி நடுகிற வரைக்கும் பல தடவை, நட்ட பிறகு செடி நிற்கும் பார்களுக்கு நடுவே திரும்பத் திரும்ப. கோரை சாகவில்லை என்று கடைக்காரர் சொன்னபடி, கேன் மூடியால் அளக்கும் கணக்கை இரண்டு மடங்காக்கியும் அடித்திருக்கிறார்.

மூலையிலிருந்து ஒரு வேர், நடுத் தோட்டத்திலிருந்து ஒரு வேர். இரண்டையும் லேபுக்குக் கொண்டுவந்து மையில் போட்டுப் பார்த்தார். ரத்னம்மாவையும் வரச்சொல்லிப் பார்க்க வைத்தார். மூலை வேரில் நீல நூல்கள் பின்னிக் கிடந்தன. நடுத் தோட்டத்து வேரில் எவ்வளவு தேடியும் நீலம் ஏறவில்லை. வெறும் வெள்ளை.

"உங்க புல்லு மருந்து மட்டுந்தான் கொன்னுச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்" என்றார். இந்த மாதிரி நேரத்தில் மட்டும் அவருடைய குரல் இறங்கிவிடும். "அளவா ஒரு தடவை அடிச்சா அது தாங்கிக்கும். ரெட்டிப்பா, அதுவும் திரும்பத் திரும்ப அடிச்சா தாங்காது. பாதி மருந்து, பாதி பட்டினி. உயிரோட இருக்குற வேருலதான் அது பொழைக்கும். புல்லு வேரும் அதுக்கு வீடுதான். ஒரு வேருகூட இல்லாம மாசக்கணக்கா மண்ண மொட்டையா வச்சிருந்தா எதத் தின்னும்? அது இல்லேன்னா நீங்க போடுற உரம் மண்ணுல கெடக்கும், செடிக்குப் போய்ச் சேராது. அதான் இல ஊதாவாப் போச்சு."

சொல்லி முடித்ததும் திரும்பவும் கோபம் ஏறிவிட்டது. "இப்படிக் கண்டபடி ஊத்துவீயளா? கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா?"

ரத்னம்மா ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"யோசிச்சுதான் ஊத்தினேன். எங்க ஊருல களையெடுக்கறதுக்கு இருந்த பொம்பளைங்க பூராவும் காலையில கம்பெனி பஸ் ஏறிப் போயிர்றாளுங்க. நெழலுல வேலை, மாசம் பொறந்தா சம்பளம். நானா இருந்தாலும் போவேன். நான் ஒருத்தி ரெண்டு ஏக்கரா எப்படிக் களையெடுக்கறது? நீ வர்றியா? சொல்லு, வர்றியா?"

"வாரேன்" என்றார் இவர்.

வாயில் வந்துவிட்ட வார்த்தை என்றுதான் நான் நினைத்தேன். மருந்தை நிறுத்தி மூன்று வாரத்தில் ரத்னம்மா தோட்டத்தில் கோரை திரும்ப மண்டியது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் என் வீட்டு வாசலில் வந்து நின்று, "கிளம்புங்க அண்ணாச்சி, மதினியையும் கூட்டிக்கிடுங்க" என்றார். நான், என் மனைவி, இவர், அன்று ஷிப்ட் இல்லாத இவருடைய வீட்டுக்காரர். ரத்னம்மா எங்களைப் பார்த்து முதலில் நம்பவில்லை. பிறகு உள்ளே போய்க் களைக்கொத்துகளைக் கொண்டுவந்து போட்டார். மத்தியானத்துக்குள் என் கையெல்லாம் கொப்புளம். இவருக்கும்தான். இரண்டு நாள் அவரால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. கோரையை இழுக்கும்போதெல்லாம் யாரையோ வைவது மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இழுத்தார்.

சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தோம். நாலு பேர் ஒரு நாள் முழுக்கச் செய்ததில் தோட்டத்தில் ஒரு துண்டுதான் சுத்தமாகியிருந்தது. ரத்னம்மா மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இப்பத் தெரியுதா?" என்றார்.

இவர் மோரை ஒரே மூச்சில் குடித்தார். பஸ்ஸில் திரும்பும்போது பாதி வழியில் திடீரென்று பின் சீட்டிலிருந்து சொன்னார்: "அந்தப் பொம்பளைய வைய எனக்கு என்ன யோக்கியத இருக்கு அண்ணாச்சி? கேன்ல அளவு எப்படிப் போட்டிருக்கான் பாத்தீயளா? எறும்பு எழுத்து. அதுவும் இங்கிலீஷும் இந்தியும். ராயக்கோட்டையில யாரு படிப்பா? கடக்காரன் வாயில வந்ததுதான் அளவு. அவனுக்கு எத்தன மூடி போனாலும் லாபம்."

அதற்குப் பிறகு அவர் விவசாயிகளைத் திட்டுவது குறைந்தது. கோபம் குறையவில்லை. அது வேறு பக்கம் திரும்பியது. ரத்னம்மாவுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். அறுவடை முடிந்தால் மண்ணைச் சும்மா போடாமல் கொள்ளு விதைப்பது, அடுத்த பயிர் வரும் வரைக்கும் உயிருள்ள வேர் மண்ணில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது, கோரை இருக்கிற திட்டில் மட்டும் சரியான அளவில் மருந்து, மற்ற இடத்தில் கொள்ளுக்கொடியைப் போட்டு மூடுவது. அடுத்த வருஷத் தக்காளி பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் செடி நிமிர்ந்து நின்றது. வேரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலம் தெரிந்தது. அதைப் பார்க்க ரத்னம்மா வேலையை விட்டுவிட்டுப் பஸ் ஏறி ஓசூர் வந்தார்.

*

இந்த நேரத்தில்தான் எங்கள் முதலாளி களைக்கொல்லி ஏஜென்சி எடுத்தார்.

எங்களிடம் சொல்லவில்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விவசாயிகள் கூட்டம், எல்லோரும் வந்துவிடுங்கள் என்று மட்டும் சொன்னார். லேப் மேடம் பத்து நிமிஷம் வேர்ப்பூஞ்சையைப் பற்றிப் பேச வேண்டும், பிறகு பிரியாணி. ரத்னம்மாவைப் போல எங்கள் பொடியை வாங்குகிற ஆட்கள், பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரர்கள் என்று மண்டபம் நிறைந்திருந்தது. நாங்கள் உள்ளே நுழையும்போது மேடையில் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். களை மருந்து ஒரு கேன் வாங்கினால் வேம் ஒரு பாக்கெட் இலவசம். கேன் படமும் எங்கள் பாக்கெட் படமும் மாப்பிள்ளை பெண் மாதிரி பக்கத்தில் பக்கத்தில்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. போய் முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

அவர் முறை வந்ததும் மைக்கைப் பிடித்து, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"இது ரெண்டையும் சேத்து வாங்காதீய. இந்தக் கேன்ல உள்ளத இப்ப நீங்க அடிக்கிற மாதிரி அடிச்சா எங்க பொடி வேலை செய்யாது. ஓசியில குடுத்தாலும் வீண். ஏற்கெனவே உங்க மண்ணுல இருக்குறதும் போயிரும். மாமரத்துக்கு அடியில அடிக்கீயளே, அந்த மரத்து வேருலயும் அதுதான் இருக்கு."

போச்சம்பள்ளிப் பக்கத்துக்காரர் ஒருவர் எழுந்தார். "அப்பப் புல்லுக்கு என்னாம்மா பண்றது? ஆளு வர்றதில்லியே?"

"முழு வழி எங்கிட்ட இல்லய்யா. இருக்குன்னு சொன்னா அது ஏமாத்து. கொஞ்சம் வழி இருக்கு, அத சொல்லுதேன்…"

அதோடு மைக் நின்றது. மேடை ஓரத்தில் முதலாளி மைக்செட்காரரிடம் கையைக் காட்டிக்கொண்டு நின்றார். இவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். புரிந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு, வெறும் தொண்டையில் தொடர்ந்தார். கொள்ளு, மூடாக்கு, மருந்தின் அளவு. பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. ரத்னம்மா எழுந்து, கேட்டவர்கள் பக்கம் திரும்பி, "அந்தம்மா சொல்றது நெசங்க. என் தோட்டத்துல நானே பாத்தேன்" என்றார்.

முதலாளி மேடைக்கு வந்தார். அவர் கைக்குப் போனதும் மைக்குக்கு உயிர் வந்துவிட்டது. "மேடத்துக்கு நேத்துல இருந்து ஜொரம். பாவம், நிக்கக்கூட முடியல. நம்ம மேல இருக்கற பிரியத்துல வந்துட்டாங்க. ஒரு கை தட்டிருங்க. அப்பறம், பிரியாணி ரெடிங்க."

கை தட்டினார்கள். எழுந்து சாப்பிடப் போனார்கள். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு எரிகிறது. ஒரு ஆளைப் பொய்யர் என்று சொல்லியிருந்தால்கூட அவர் திருப்பி ஏதாவது சொல்லியிருக்கலாம். ஜுரம் என்று சொல்லிவிட்டால் என்ன சொல்வது? முன்வரிசையில் நாலைந்து பேர் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்காக இவர் மேடையிலிருந்து இறங்கி, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பேசி முடித்தார். பிரியாணியைத் தொடவில்லை. நானும் சாப்பிடவில்லை.

அவரை வேலையை விட்டு அனுப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதலாளி அவ்வளவு சாமர்த்தியமில்லாதவர் இல்லை. மறுவாரம் மக்காச்சோளத் தொட்டிகளை உடைத்தார். அங்கே கேன்களை அடுக்க இடம் வேண்டுமாம். பொடி வெளியிலிருந்து வரும், மேடம் லேபைப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார். பொடி வந்தது. பாக்கெட்டாகிக் கடைகளுக்கும் போனது. அந்தப் பொடியில் மக்காச்சோளம் விதைத்து வளர்த்து, வேரைப் பிடுங்கி மையில் போட்டு இவர் பார்த்தார். எத்தனை முறை பார்த்தாலும் வெள்ளை. வெறும் கல்தூள்.

ஆபீசுக்குள் போய் முதலாளியிடம் சொன்னார். நானும் இருந்தேன். முதலாளி கோபப்படவில்லை.

"யாரு மேடம் மைக்ராஸ்கோப் வெச்சுப் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கேன்."

"நீங்க பாத்தீங்க, சரி. வாங்கறவன் பாக்கறானா? அதனால செடி சாவலையே. நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல. விடுங்க."

இவர் லேபுக்குப் போய்த் தன்னுடைய மைக்ராஸ்கோப் கண்ணாடித் தகடுகளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். பேக்கிங் பெண்களிடம் நின்றார். "வாரேன் பிள்ளையளா" என்றார். அவரைக் கண்டாலே நடுங்கிய அந்தப் பெண்கள் அழுதார்கள். அன்றைக்குத்தான் அவர் யாரையும் திட்டாமல் கேட்டைத் தாண்டினார்.

*

ஒரு மாசம் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது, குடித்தனத்தைக் காலி செய்கிறார்கள். கையில் எங்கள் கம்பெனி பாக்கெட் ஒன்றை வைத்திருந்தார். கடையில் வாங்கியிருக்கிறார். அதன் பின்பக்கத்தைக் காட்டினார். தொழில்நுட்ப மேற்பார்வை என்று போட்டு, கீழே அவர் பெயரும் படிப்பும்.

அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. வருஷக்கணக்காக அப்படித்தான் அச்சாகி வந்திருக்கிறது.

"மொதலாளிட்ட எடுக்கச் சொல்லிக் கேட்டேன். அச்சடிச்ச கவரு தீரட்டும்ங்கான். தீராது அண்ணாச்சி. தீந்தா திரும்ப அடிப்பான்." பாக்கெட்டை என் கையில் கொடுத்தார். "கல்லுப்பொடிய என் பேரச் சொல்லி விக்கான். எந்தெந்தக் கடையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். என்னையக் கூட்டிட்டுப் போங்க."

போனோம். ராயக்கோட்டை, காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி. கடைக்குள் நுழைந்ததும் பொடி பாக்கெட் இருக்கும் அலமாரிக்கு நேராகப் போவார். தடிமனான கறுப்பு மார்க்கர் ஒன்று வைத்திருந்தார். ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துத் திருப்பி, தன் பெயர்மேல் இழுத்து அடிப்பார். எழுத்து துளியும் தெரியக்கூடாது. ஓரத்தில் ஒரு புள்ளி தெரிந்தால்கூடத் திரும்ப எடுத்து அடிப்பார். சில கடைக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிலர் என் முகத்துக்காகச் சும்மா இருந்தார்கள். போச்சம்பள்ளியில் ஒருவர் கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

"என்னாங்க பண்றீங்க? என் சரக்கு மேல கைய வெக்காதீங்க, சொல்லிட்டேன்."

"உங்க சரக்கு மேல வைக்கல. என் பேரு மேல வைக்கேன்."

"பேரு இருந்தா என்னாங்க? கவரு மேல பேரு வர்றதுக்கு அவனவன் ஏங்கறான். உங்களுக்கு என்னா கொறைஞ்சு போவுது?"

இவர் ஒரு பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்சம் பொடியை அவர் உள்ளங்கையில் கொட்டினார். "இது வெறும் கல்லு. செடிக்கு ஒண்ணும் செய்யாது. இதப் போட்டுட்டு, அந்தா அடுக்கி வச்சிருக்கீயளே, அந்தக் கேனையும் மூடி மூடியா ஊத்தி, செடி வரலேன்னு ஒரு பொம்பள நாளைக்கு இங்க வந்து நிப்பா. கவரத் திருப்பி என் பேர வாசிப்பா. என்னையத்தான் வைவா. அவ வையுறது நியாயம். அந்த வசவ வாங்க நான் இங்க இருக்கப் போறதில்ல. அதான் அழிக்கேன்."

கடைக்காரர் உள்ளங்கையில் இருந்த பொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். தடுக்கவில்லை. பாக்கெட்டுகளை அலமாரியிலிருந்து எடுக்கவும் இல்லை.

எல்லாக் கடைக்கும் எங்களால் போக முடியவில்லை. நாட்றாம்பாளையம் மாதிரி மலைப்பக்கத்துக் கடைகளுக்குப் போன பாக்கெட்டுகள் அப்படியேதான் விற்றிருக்கும். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மார்க்கரை உதறிப் பார்த்தார். மை தீர்ந்திருந்தது. அதைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்து, "நீங்களும் அங்க இருக்காதீய அண்ணாச்சி" என்றார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சில மாதங்களில் நானும் வெளியே வந்துவிட்டேன். அந்தக் கம்பெனி நன்றாக ஓடியது. முதலாளி இன்னொரு வீடு கட்டினார்.

ரத்னம்மா இன்றைக்கும் கொள்ளு விதைக்கிறார். எங்கள் பொடியையும் வாங்குவதில்லை, யார் பொடியையும் வாங்குவதில்லை. சந்தையில் என்னைப் பார்த்தால், "அந்தக் கோவக்கார அம்மா எங்க இருக்கறாங்க?" என்று கேட்பார். தெரியாது என்பேன். "இருந்தா இந்நேரம் நாலு பேர வஞ்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இதை எழுத உட்கார்ந்தபோது அவர் பெயரைப் போட்டுத்தான் ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டேன். அந்தக் கடைகளில் அவர் ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பி, பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தபோது பக்கத்தில் நின்று அடுத்த பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தவன் நான். அந்தப் பெயரைத் திரும்ப அச்சில் ஏற்ற என்னால் முடியாது.